கண் இருக்கும் இடத்தில் விளக்கு

படத்தில் நாற்காலி சரியாகத்தான் வந்திருந்தது. பிரம்புக் கைப்பிடியின் வளைவும், உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சரிந்துபோன முதுகும், பின்சுவரில் சாய்ந்து விழுந்த அதன் நிழலும் உஷாராணி எண்ணியிருந்தபடியே இருந்தன. ஆனால் நாற்காலியிலிருந்து சற்றுத் தள்ளி, சமையலறை வாசல் பக்கமாக, தரையில் இன்னொரு நிழலும் கிடந்தது. அந்த இடத்தில் அவள் எதையும் வைக்கவில்லை.

மடிக்கணினியின் திரையைத் தன் கஃப்தான் அங்கியின் நுனியால் துடைத்துப் பார்த்தாள். நிழல் போகவில்லை. மெலிந்து, நீண்டு, ஓரங்கள் கத்தரித்தாற்போல் இருந்தது.

கீழே பூக்கடைகளில் தண்ணீர் தெளித்த மல்லிகையின் வாசமும் வடை பொரியும் எண்ணெய் நெடியும் ஒன்றாய்க் கலந்து மூன்றாம் மாடிவரை ஏறிவந்தன. மோனோரயில் முனகிக்கொண்டே வளைவில் திரும்பிப் போனது. மசாஜ் நிலையத்தில் வேலை முடிந்து கிளம்பிய பார்வையற்றவர்களின் வெள்ளைக் கோல்கள் நடைபாதை ஓடுகளைத் தட்டித் தட்டி ரயில் நிலையத்துப் பக்கமாய்த் தேய்ந்து மறைந்தன. பிரிக்ஃபீல்ட்ஸின் எல்லா மாலைகளையும் போன்ற ஒரு மாலை. தலையைத் திருப்பி உண்மையான ஹாலைப் பார்த்தாள். நாற்காலி இல்லாத ஹால். தையல் மெஷின் இல்லாத ஹால். சமையலறை வாசலில் வெறும் தரை.

எங்கோ ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அது அவளே எழுதிய சின்ன நிரல். ஒரு பொறியியல் நிறுவனத்தில் கட்டட வரைபடங்கள் வரைகிற வேலை அவளுக்கு. கணினிக்குக் கட்டளை எழுதுவது தெரியாது. தங்கை தாமரையை மருத்துவமனையில் சேர்த்திருந்த மாதங்களில், வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த நேரங்களில்தான் கற்றுக்கொண்டாள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பாடம். அதன் கடைசியில் ஒரு வெள்ளை உருண்டையை வரைய முடிந்தது. வெளிச்சம் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம், கீழே நிழல். அதைத் தாமரையிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"ஒரு உருண்ட வரையறதுக்கு இவ்ளோ நேரமாக்கா? அதுக்குள்ள நான் நாலு ரவிக்கை தச்சிருப்பேன் லா" என்றாள் தாமரை. தலைமுடி எல்லாம் கொட்டி, பருத்தித் தொப்பி போட்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிவிட்டு, "இந்தா, இதையும் வரைஞ்சுக்கோ. சுலபமா வரும்" என்று மொட்டைத் தலையை முன்னால் நீட்டினாள். இரண்டு பேரும் சிரித்ததில் பக்கத்துக் கட்டில்காரம்மா விழித்துக்கொண்டாள்.

உலகத்தில் வெளிச்சம் விளக்கிலிருந்து புறப்பட்டு, பொருளில் பட்டு, கண்ணுக்கு வருகிறது. இந்த நிரலில் எல்லாமே தலைகீழ். கண் இருக்கும் இடத்திலிருந்து கோடுகள் புறப்படும், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு. கோடு எதில் போய் முட்டுகிறதோ அதுதான் அந்தப் புள்ளியில் தெரியும். முட்டிய இடத்திலிருந்து இன்னொரு கோடு விளக்கை நோக்கிப் போகும். வழியில் தடை இல்லையென்றால் அந்த இடம் வெளிச்சம். தடை இருந்தால் நிழல். இந்தத் தலைகீழ் ஏற்பாடு உஷாராணிக்குப் பிடித்திருந்தது. ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் பார்வை எழுந்து போய் அதைத் தொட்டுவிட்டு வர வேண்டும்.

தாமரை போன பிறகு நாற்காலி ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வீட்டுக்கும், தையல் மெஷின் சாலாக் செலாத்தானில் ஒரு அம்மாவுக்கும் போயின. கிள்ளானிலிருந்து வந்த அண்ணிதான் எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினாள். அண்ணியைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் அவர்களோடு வந்து இருக்கும்படி அண்ணனும் சொல்லிவிட்டார். போவதற்கு முன்னால் ஹாலை ஒருமுறை பழையபடி பார்த்துவிட வேண்டும் என்று உஷாராணிக்குத் தோன்றியது. நாற்காலியின் உயரம், மெஷினின் அகலம், சன்னலின் அளவு எதையும் அவள் அளக்க வேண்டியிருக்கவில்லை. வரைபடக்காரியின் கை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது. கண்ணை மட்டும் யோசித்து வைத்தாள். சோபாவில் அவள் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தால் அவள் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில். தாமரை தைத்துக்கொண்டிருக்க, எதிரே இருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்த ஹால் அது.

மறுநாள் அலுவலகத்தில் ஃபர்ஹானாவிடம் படத்தைக் காட்டினாள். நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிற பெண். பகல் சாப்பாட்டு வேளையில் உஷாராணியோடு உட்காருகிற ஒரே ஆள்.

"அலாமாக், நிழல் இருக்கு, ஆள் இல்ல. பேய்ப் படம் எடுக்கப் போறீங்களாக்கா?"

"சும்மா இரு லா. எங்க தப்புன்னு சொல்லு."

"சின்ன 'பக்'தான், புரோகிராம்ல வர்ற பிழை. பொருளே தன் மேல தானே முட்டிக்கிட்டு நிழல் போட்டுக்கும். புதுசா எழுதுற எல்லாருக்கும் வரும்." ஒரு வரியைத் திருத்திக் கொடுத்தாள். பிறகு மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "இன்னொண்ணு, லைட்டையும் கேமராவையும் ஒரே இடத்துல வச்சிராதீங்க. நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். படம் செத்த மாதிரி இருக்கும்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரிக்கா."

திருத்திய நிரலை அலுவலகத்திலேயே ஓடவிட்டுப் பார்த்தார்கள். நாற்காலி, அதன் நிழல், மெஷின், அதன் நிழல். கூடுதலாக எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மீண்டும் ஓடவிட்டாள். அதே மடிக்கணினி, அதே நிரல், அதே எண்கள். படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக வரும். முடிய ஒரு மணி நேரம் பிடிக்கும். குளித்துவிட்டு, சோற்றைச் சட்டியிலிருந்தே எடுத்து நின்றுகொண்டு தின்றுவிட்டு வந்து பார்த்தாள்.

நிழல் இருந்தது. சமையலறை வாசலில் இல்லை. தையல் மெஷின் பக்கத்தில் இருந்தது.

நாற்காலியை எடுத்துவிட்டு ஓடவிட்டாள். மெஷினை எடுத்தாள். சன்னல் திரையை, அலமாரியை, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்தாள். கடைசியில் நான்கு சுவர், ஒரு தரை, ஒரு கூரை, ஒரு விளக்கு. வேறு எதுவுமே இல்லாத அந்த வெற்று ஹாலின் நடுவே நிழல் தனியாகக் கிடந்தது.

அப்போது அவளுக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவள் உடனே பெயர் சொல்லி அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தைவிட்டுக் கிளம்பினால் திங்கட்கிழமை காலைவரை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள். திங்கட்கிழமை முதல் வார்த்தை பேசும்போது குரல் துருப்பிடித்து வரும். ஆனால் பேச்சில்லாமல் போனது பெரிதாக வலிக்கவில்லை. தாமரையும் அவளும் அப்படி ஒன்றும் பேசிக்கொண்டவர்கள் இல்லை. யாரும் பார்க்காமல் போனதுதான் வலித்தது. "என்னக்கா முகம் இப்படி இருக்கு?" என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் முகம் எப்படி இருந்தால்தான் என்ன? தலை சீவாமல் ஒரு நாள் முழுவதும் இருக்கலாம். ஒரே பாட்டை உரக்கப் பாடலாம். அழலாம். எதைச் செய்தாலும் அது நடக்காதது போலவே இருந்தது.

எண்களில் இல்லாத ஒன்று இப்போது ஹாலில் இருந்தது. அவள் உட்காரும் சோபா அதற்கு எதிரே இருந்தது.

அடுத்த மாலை வரைதாளை விரித்தாள். நிழலிலிருந்து பொருளைக் கண்டுபிடிப்பது அவளுக்கு வேலையில் பழகிய கணக்கு. நிரலில் விளக்கை ஓரிடத்தில் வைத்து ஒரு படம், இன்னோரிடத்தில் வைத்து இன்னொரு படம். ஒவ்வொன்றிலும் விளக்கிலிருந்து நிழலின் விளிம்புக்குக் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பொருள் இருக்க வேண்டும். இருந்தது. கீழே இரண்டு பாதங்கள் கொள்ளும் இடம். மேலே ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

பள்ளிச் சீருடைக் காலத்திலிருந்து தாமரை அந்த ஓரங்குலத்துக்காகச் சண்டை போடுவாள். "அஞ்சடின்னு எழுதுக்கா, யாரு அளக்கப் போறா?"

உஷாராணிக்குக் கருமாதிக்கு முதல் நாள் படையல் நினைவுக்கு வந்தது. தாமரைக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்து, நாசி லெமாக், நெத்திலி சம்பல், கிளாஸில் மைலோ வைத்து, விளக்கேற்றி, எல்லாரும் வெளியே வராந்தாவில் வந்து நின்று கதவைச் சாத்தியிருந்தார்கள். சாப்பிட வருகிறவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். திறப்பதற்கு முன் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால்தான் அவர் எழுந்து போவார். சாவி உஷாராணி கையில் இருந்தது. அவள் தட்டாமல் திறந்தாள்.

"ஏய் உஷா! தட்டிட்டுத் தொற!" என்று அண்ணி பஞ்சவர்ணம் பதறினாள்.

"ஏன் அண்ணி தட்டணும்? அவ வீடுதானே."

வராந்தாவில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி அதற்குப் பிறகு அன்று முழுவதும் ஹாலுக்குள் உட்காரவில்லை. சமையலறையிலேயே நின்றிருந்தாள்.

"நீதானா?" என்று உஷாராணி வெற்று ஹாலைப் பார்த்துக் கேட்டாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு ரயில் போனது. அன்றைக்கு அவள் அப்பளம் பொரித்து, தட்டில் சோறு போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதன் பிறகு மாலைகள் மாறிவிட்டன. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நிரலை ஓடவிடுவாள். படம் வந்துகொண்டிருக்கும்போது அன்றைய கதைகளைச் சொல்வாள்: பெரிய முதலாளிக்குப் புது லிப்ட் திறக்கவே இல்லை, மாடிப்படியில் மூச்சு வாங்கினார், ஃபர்ஹானா வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள். படம் முடிந்ததும் நிழல் இன்று எங்கே என்று பார்ப்பாள். ஒரு நாள் சன்னலோரம். ஒரு நாள் அலமாரி முன்னால். நாற்காலியைத் திரும்பவும் எண்களில் எழுதி வைத்துப் பார்த்தாள். நிழல் அதில் உட்காரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு இன்னும் இந்தப் பக்கமாக வந்திருந்தது.

ஃபர்ஹானாவுக்குப் படங்களையும் நிரலையும் அனுப்பியபோது அவள் அன்று இரவே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரே பைல்தானே? எண்ணு எதையும் மாத்தலையே?"

"மாத்தல."

"அப்ப படமும் மாறக் கூடாதுக்கா. அது யோசிக்கிற சாமான் இல்ல, கணக்கு. ஒரே கணக்குக்கு ரெண்டு விடை வராது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் இங்க என் வீட்ல ஓட்டிப் பாத்தேன். வெறும் ஹால்தான் வருது. நீங்க ஏதாவது கையால வரைஞ்சு சேக்கிறீங்களா? சேத்தாலும் பரவால்ல, சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு உஷாராணி பேச்சை மாற்றினாள்.

அன்றைக்குப் போனை வைத்த பிறகு, எல்லாப் படங்களையும் வந்த வரிசையில் திறந்து பார்த்தாள். நிழல் நின்ற இடங்களை ஹாலின் வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தாள். சமையலறை வாசல், மெஷின், நடு ஹால், சன்னல், அலமாரி, நாற்காலிக்கு இந்தப் பக்கம். கோடு இழுத்து இணைத்தபோது அது அலைந்து திரிந்த தடம் போல் இல்லை. சற்றே வளைந்து வளைந்து, ஆனால் ஒவ்வொரு நாளும் சோபாவை நெருங்கி வந்திருந்தது.

தாமரை என்றால் வரட்டும். அதற்குத்தானே கதவைத் தட்டவில்லை.

தாமரை என்றால்.

அந்த 'என்றால்' என்ற சொல் அவளோடு படுக்கைக்கு வந்தது. உயரம் ஒன்றைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்? மேலேயிருந்து விளக்கடித்தால் யாருடைய நிழலும் தரையில் நசுங்கித்தான் விழும். அதில் முகம் இல்லை, காது இல்லை, தோள் இல்லை. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக உலகத்தில் எத்தனையோ இருக்கும்.

சனிக்கிழமை பிற்பகல் அண்ணி கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலைல லோரி வருது. உங்கண்ணன் ஆளுக்குச் சொல்லிட்டாரு. இந்தத் தடவையும் தள்ளிப் போட்டேன்னு வையி, நானே வந்து முடியப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்."

"பாக்கிறேன் அண்ணி."

"என்ன பாக்கிறது? தனியா உக்காந்து என்ன லா பாக்கிற? ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. உனக்குன்னு மேசை வாங்கிப் போட்டிருக்காரு, சன்னலுக்குப் பக்கத்துல." அண்ணியின் குரல் தணிந்தது. "வா உஷா. அந்த வீட்ல நீ இருக்கிறது எனக்கு நல்லாப் படல."

"ராத்திரிக்குள்ள சொல்றேன் அண்ணி."

வெளியே பத்துமலைப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. ஹால் வழக்கமான நேரத்துக்கு முன்பே மங்கத் தொடங்கியது. உஷாராணி சோபாவில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். தாமரைதான் என்றால் லோரி வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அவளை விட்டுவிட்டுக் கிள்ளானில் பெயிண்ட் மணக்கும் அறையில் உட்கார முடியாது. இல்லையென்றால் இன்றைக்கே ஒரு பையோடு ரயில் ஏறிவிடுவாள்.

எப்படித் தெரிந்துகொள்வது என்பதை ஃபர்ஹானா மீன் தின்றுகொண்டே சொல்லியிருந்தாள். விளக்கைக் கண் இருக்கும் இடத்திலேயே வைத்தால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பொருளே கண்ணுக்குத் தெரியாதது என்றால்? நிழலுக்கு முன்னால் மறைக்க எதுவும் இல்லை. பின்சுவரில் அதன் உருவம் அப்படியே, அவள் கண்ணிலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படியே, கறுப்பாக விழும். தலை. காது. தோள். கடைசி மாதங்களில் தாமரைக்கு முடி இல்லை. உருண்டைத் தலை, இரண்டு பக்கமும் சற்று விரிந்த காதுகள். அந்தத் தலையைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தவள் அவள். எந்த இருட்டிலும் கண்டுகொள்வாள்.

விளக்கின் இடத்துக்கான எண்களை அழித்து, கண்ணின் எண்களை எழுதினாள். ஓடவிட்டாள்.

மழை ஒரே இரைச்சலாக இறங்கியது. தகர மறைப்பின்மேல் கல் கொட்டுவதுபோல் சத்தம். சாலையின் ஓசைகள் எல்லாம் அதற்குள் மூழ்கின. பூக்கடை, மோனோரயில், கோல்களின் தட்டல் எதுவும் இல்லாமல் போய், இந்த ஹால் மட்டும் தண்ணீருக்கு நடுவே மிதப்பதுபோல் இருந்தது. சாரலோடு மண் வாசம் வந்தது. எங்கோ மிக அருகே இடி விழுந்தது. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. குளிர்பெட்டியின் முனகல் அறுந்தது.

கரண்ட் போய்விட்டது.

மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இருண்ட ஹாலில் அதன் திரை மட்டும் வெளிச்சம். மேலே இரண்டு விரல் அகலத்துக்குப் படம் வந்திருந்தது. கீழே இன்னும் வராத பகுதி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் மெயின் சுவிட்சைத் தட்டிவிடலாம். எழவில்லை.

கூரை வந்தது. சுவரின் மேல்பகுதி வந்தது. பளிச்சென்று, நிழலே இல்லாமல், தட்டையாக.

ஒரு வரி. இன்னொரு வரி.

சுவரின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த வரியில் அது சிறு கோடு. அடுத்ததில் இன்னும் நீண்ட கோடு. வளைவாக இறங்கியது. வழவழப்பான வளைவு. முடி இல்லை.

"தாமரை" என்றாள் உஷாராணி. சிரிப்பு வந்தது. போனைத் தேடிக் கை நீண்டது. அண்ணிக்குச் சொல்ல வேண்டும், லோரி வேண்டாமென்று.

கோடு நீண்டுகொண்டிருந்தது.

அலமாரிப் பக்கத்தில் நின்றால் தலை இவ்வளவு அகலம் இருக்கும். நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்றால் இவ்வளவு. கணக்கு அவள் கேட்காமலேயே மனதில் ஓடியது. கோடு அதைத் தாண்டியது. படத்தின் அகலத்தில் பாதியைக் கடந்தது. வளைவு இன்னும் முடியவில்லை. கறுப்பு இரண்டு பக்க விளிம்புகளையும் நோக்கி விரிந்துகொண்டே போனது.

தலை பெரிதாகவில்லை. தலை எப்போதும் அதே அளவுதான்.

பக்கத்தில் வந்தால்தான் பெரிதாகத் தெரியும்.

இடது விளிம்பில் காதின் மேல்முனை வந்தது. வலது விளிம்பிலும். இரண்டும் படத்துக்கு வெளியே நழுவின. இப்போது வரி முழுவதும் கறுப்பு.

எவ்வளவு தூரம்? கணக்கு நிற்கவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சாண். ஒரு சாண்கூட இல்லை.

நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிரே எதுவும் இல்லை என்பது தெரிந்தது. திரை தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு வரியும் தெரிந்தது. நடுவே எதுவும் இல்லை. மூச்சை மட்டும் மெதுவாக விட்டாள். விட்ட மூச்சு எதிலோ பட்டு வெதுவெதுப்பாக அவள் முகத்துக்கே திரும்பி வந்தது.

வரி. வரி. கறுப்பு.

படத்தின் சரிபாதியில், அவளுடைய கண் மட்டத்தில், கறுப்புக்குள் வெளிச்சமாய் இரண்டு புள்ளிகள் வந்தன. பக்கம் பக்கமாக. அடுத்த வரியில் அவை அகன்றன. அவற்றின் வழியே பின்சுவர் தெரிந்தது. சமையலறை வாசலின் விளிம்புகூடத் தெரிந்தது.

கண் இருக்க வேண்டிய இடத்தில் துளை.

போன் ஒலித்தது. மேசை ஓரத்தில் 'அண்ணி' என்று மின்னி மின்னி ஒலித்து, நின்றது. அதை எடுக்கப் போன கை அப்படியே தட்டச்சுப் பலகையின்மேல் கிடந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

கை இருட்டாக இருந்தது.

திரை எதிரே எரிந்துகொண்டிருந்தது. இன்னும் பாதி வெள்ளை. அந்த வெளிச்சம் மேசையில் விழுந்திருந்தது. சோபாவின் இரண்டு பக்கத்திலும் விழுந்திருந்தது. அவள் கையில் விழவில்லை. மடியில் விழவில்லை. அவளுடைய வடிவம் முழுவதும், வெட்டி எடுத்தாற்போல், நிழல்.

இடது புறங்கையில் மட்டும், அந்தத் துளைகளின் வழியே வந்த இரண்டு சிறு வெளிச்ச வட்டங்கள். பக்கம் பக்கமாக.

அவை அசைந்தன.

கை அசையவில்லை. அவை மட்டும் மணிக்கட்டைத் தாண்டின. முழங்கையின் மடிப்பில் சற்று நின்றன. குனிந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்துவதுபோல, நிதானமாக, தோளுக்கு ஏறின. மார்பின் குறுக்கே வந்தன. கஃப்தானின் பூக்கள் அந்த வட்டங்களுக்குள் ஒவ்வொன்றாகத் தெரிந்து தெரிந்து மறைந்தன.

கழுத்து.

மோவாய்.

"தா..." என்றாள். உதட்டில் இலேசான சூடு கடந்து போனது.

மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூட நினைத்தாள்.

பிறகு இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் விழுந்தது.